படத்திற்கு ஒரு சட்டம்

மாணவர்களே, உங்கள் வீட்டுச் சுவர்களை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். கூடத்தில் தாத்தா பாட்டியின் புகைப்படம் இருக்கலாம். பூசைமாடத்தில் முருகன் படமோ, வேளாங்கண்ணி மாதா படமோ இருக்கலாம். சில வீடுகளில் மக்காவின் படம் இருக்கும். பெற்றோருக்கு இடமாற்றம் வரும்போது கடைசியாகச் சுவரிலிருந்து இறங்குபவை இப்படங்களே. போர்வைக்குள் சுற்றப்பட்டுப் பெட்டிக்குள் செல்கின்றன; புதிய ஊரில் ஆணி அடித்தவுடன் முதலில் சுவரேறுகின்றன. இத்தனை பயணங்களிலும் அவற்றைக் காப்பவை நான்கு மரத்துண்டுகளும் ஒரு கண்ணாடியும்தாம். அவற்றைப் பொருத்தும் தொழிலைப் புதிதாகக் கற்க விரும்புபவர் எங்கே தொடங்க வேண்டும் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'சட்டம்' என்னும் சொல்லை அரசு இயற்றும் விதிக்கும் வழங்குகிறோம். கூரையைத் தாங்கும் மரத்திற்கும், படத்தைச் சுற்றியுள்ள விளிம்பிற்கும் வழங்குகிறோம். ஒன்றை அதன் எல்லைக்குள் நிறுத்துவது என்னும் பொருள் இவை அனைத்திலும் இருப்பதைக் காணலாம். பேச்சுவழக்கில் 'படத்துக்குக் கண்ணாடி போடுவது' என்பார்கள். 'பிரேம் போடுவது' என்பதும் உண்டு. எழுதும்போது 'சட்டமிடுதல்' என்று எழுதலாம்.

எளிய மக்களின் வீடுகளில் சட்டமிட்ட படங்கள் மிகுந்தது அச்சுக்கலை வளர்ந்த பிறகுதான். ஓவியர் இரவிவர்மா 1894ஆம் ஆண்டில் மும்பையில் ஓர் அச்சகத்தைத் தொடங்கினார். அது பின்னர் லோனாவ்லாவுக்கு அருகிலுள்ள மளவ்லிக்கு மாறியது. அரண்மனைச் சுவர்களில் மட்டும் இருந்த தெய்வ ஓவியங்களின் வண்ண அச்சுப்படிகள் அங்கிருந்து எளியோர் வீடுகளுக்கும் சென்றன. தமிழ்நாட்டில் கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜு (1898–1976) வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசியில் நாட்காட்டிகளாக அச்சாயின. ஆண்டு முடிந்ததும் நாட்காட்டியின் தாள்களைக் கிழித்தெறிந்தவர்கள் படத்தை மட்டும் எறியவில்லை. அதை வெட்டியெடுத்துச் சட்டமிட்டு மாட்டினர். ஊருக்கு ஊர் கண்ணாடிக் கடைகள் பெருகியதற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

சட்டமிடக் கற்க நினைப்பவர் இரம்பத்தை வாங்க வேண்டா. பழைய படம் ஒன்றைத் தேடட்டும். உடைந்தாலும் கவலையில்லாத, யாருக்கும் வேண்டாத படமாக அது இருத்தல் வேண்டும். பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, படத்தை மெத்தென்ற துணியின்மேல் குப்புறக் கிடத்தி, பின்புறத்திலுள்ள சிறு ஆணிகளைக் குறடால் மெல்லப் பிடுங்குங்கள். பின்னட்டை வெளிவரும். அதன் கீழே படம் இருக்கும். படத்திற்கு முன்னால், நடுவில் செவ்வகமாக வெட்டப்பட்ட தடித்த அட்டை ஒன்று இருக்கலாம். பல படங்களில் அது இராது. அதற்கும் முன்னால் கண்ணாடி. எல்லாவற்றையும் சுற்றிச் சட்டம். சட்டத்தின் உள்விளிம்பைப் பின்புறமிருந்து தடவிப் பாருங்கள். படிக்கட்டின் ஒரு படிபோல மரம் உள்வாங்கியிருக்கும். கண்ணாடியும் அட்டையும் முன்பக்கமாக விழுந்துவிடாமல் தாங்குவது அந்தப் படிதான். இந்த அடுக்குகளை வரிசை மாறாமல் மேசையில் பரப்பி வைத்துவிட்டால் பாதிக் கல்வி முடிந்தது.

அந்த அடுக்குகளில் 'பல படங்களில் இராது' என்று நான் குறிப்பிட்ட தடித்த அட்டையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதற்கு என் வீட்டில் நடந்த ஒன்றே காரணம்.

என் பாட்டிக்கு ஒரே ஒரு புகைப்படம்தான் இருந்தது. கறுப்பு வெள்ளைப் படம். நாற்காலியின் கைப்பிடியில் விரல்களை ஊன்றி அமர்ந்திருப்பார். நான் வெளிமாநிலத்தில் பணியேற்றபோது அதை உடன் கொண்டுவந்தேன். வழியில் கண்ணாடி கீறிவிட்டது. புதுக் கண்ணாடி போடுவதற்காக அருகிலிருந்த கடையில் கொடுத்தேன். கடைக்காரர் பின்னட்டையைக் கழற்றி, பழைய கண்ணாடியைப் படத்திலிருந்து பிரிக்க முயன்றார். பிரியவில்லை. சற்று அழுத்தி இழுத்தார். பாட்டியின் நெற்றியும் ஒரு கண்ணும் கண்ணாடியோடு போயின. அவர் மிகவும் வருந்தினார். பணம் வாங்க மறுத்துவிட்டார். எனினும், கொடுத்த எனக்கும் தெரியவில்லை, வாங்கிய அவருக்கும் தெரியவில்லை.

என்ன நடந்தது? அத்தகைய புகைப்படத் தாளின் மேற்பரப்பில் ஜெலட்டின் என்னும் பொருளாலான மெல்லிய பூச்சு இருக்கும். படத்தின் உருவம் முழுவதும் அந்தப் பூச்சுக்குள்தான் இருக்கிறது. காற்றில் ஈரம் மிகும்போது அது இளகிப் பசைபோல் ஆகிவிடும். கண்ணாடி அதன்மேல் அழுந்திக் கிடந்தால், இரண்டும் ஒட்டிக்கொள்ளும். மீண்டும் உலரும்போது ஒட்டியது ஒட்டியபடியே இறுகிவிடும். மும்பை, கொச்சி, கொல்கத்தா போன்ற ஈரக்காற்று மிகுந்த ஊர்களில் ஒவ்வொரு மழைக்காலமும் இவ்வேலையைச் சற்றுச் சற்றாகச் செய்துகொண்டேயிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் படம் நன்றாகவே தெரியும். கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தால், ஒட்டிய இடங்கள் மட்டும் நனைந்த தாள்போல் கருத்துப் பளபளக்கும்.

உங்கள் வீட்டுப் படத்தில் அத்தகைய அடையாளம் கண்டால் அதைப் பிரிக்காதீர்கள். எவரையும் பிரிக்க விடாதீர்கள். கண்ணாடி உடையாமல் இருக்கும்போதே, வெளிச்சம் எதிரொளிக்காத இடத்தில் வைத்து, அதை அப்படியே தெளிவாகப் படமெடுத்துப் படி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். மூலப் படம் கண்ணாடியோடு சேர்ந்தே இருக்கட்டும்.

இவ்வாறு ஒட்டாமல் தடுப்பதே அந்த இடையட்டையின் முதற்பணி. கடைகளில் இதை 'மவுண்ட்' என்பர். ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் கனமுள்ள இவ்வட்டை, கண்ணாடிக்கும் படத்திற்கும் இடையே அந்த அளவிற்கு இடைவெளியை உண்டாக்குகிறது. படத்தைச் சுற்றி வெண்ணிற விளிம்பு அழகாக இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். அழகு அதன் இரண்டாம் பணிதான். அட்டை வைக்க விருப்பமில்லையென்றால், சட்டத்தின் படியில் கண்ணாடிக்குப் பின்னால் நாற்புறமும் மெல்லிய பட்டைகளை வைத்து இடைவெளி விடலாம். தஞ்சாவூர் ஓவியத்திற்கு அப்படித்தான் செய்ய வேண்டும். பலகைமேல் துணியொட்டிச் சுண்ணப்பூச்சால் மேடாக்கி, பொன்தகடும் கண்ணாடிக் கற்களும் பதித்த ஓவியம் அது. அதன்மேல் கண்ணாடி உரசினால் கற்களும் பொன்தகடும் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இடையட்டையின் நடுவே வெட்டும் சாளரம் படத்தைவிட ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று, நான்கு மில்லிமீட்டர் சிறியதாக இருத்தல் வேண்டும். அப்போதுதான் படத்தின் விளிம்பு அட்டைக்குப் பின்னால் மறைந்து நிற்கும். கடையில் கத்தியைச் சாய்த்துப் பிடித்து வெட்டுவார்கள். சாளரத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளைச் சரிவு தெரிவது அதனால்தான். நேராக வெட்டினாலும் குற்றமில்லை. நான்கு பக்கமும் ஒரே அளவு விளிம்பு விட்டால், கீழ்ப்பக்கம் குறைவாக இருப்பதுபோல் கண்ணுக்குத் தோன்றும். ஆகையால் கீழ்விளிம்பைச் சற்று மிகுதியாக விடுவது வழக்கம்.

எந்த அட்டையானாலும் போதும் என்று எண்ணிவிடலாகாது. பழைய செய்தித்தாள் மஞ்சளாகிப் பழுத்து உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். மரக்கூழால் செய்த மலிவான தாளிலும் அட்டையிலும் காலப்போக்கில் அமிலம் உண்டாவதே அதற்குக் காரணம். அத்தகைய அட்டை தான் பழுப்பதோடு நில்லாது, தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் படத்தையும் பழுக்கச் செய்யும். பல ஆண்டுகளுக்குப் பின் பிரித்துப் பார்த்தால், சாளரத்தின் ஓரம் எங்கெங்கு இருந்ததோ அங்கெல்லாம் படத்தில் பழுப்புக் கோடு விழுந்திருக்கும். 'அமிலமற்ற அட்டை' என்று கேட்டு வாங்குங்கள். விலை கூடுதல்தான். பொன்னிறப் பூவேலைச் சட்டத்திற்குப் பணம் கொடுத்துவிட்டு உள்ளே மலிவான அட்டையை வைப்பவர்கள் பலர். நானாக இருந்தால் சட்டத்தை எளிமையாக்கி அட்டைக்குச் செலவிடுவேன்.

படத்தை அட்டையில் பொருத்தும்போது ஒரே விதிதான்: பின்னொரு நாளில் கழற்ற முடியாத எதையும் செய்யக் கூடாது. பளபளக்கும் பசைநாடாவை ஒட்டினால், சில ஆண்டுகளில் அதன் பசை மஞ்சளாகித் தாளுக்குள் ஊறிவிடும். நாடா உதிர்ந்தாலும் கறை போகாது. படத்தின் பின்புறம் முழுவதும் பசை தடவிப் பலகையில் ஒட்டுவதும், வெப்பமூட்டிப் பிளாஸ்டிக் ஏட்டால் மூடுவதும் இன்று மிகுதி. கடையில் வாங்கிய அச்சுப்படத்திற்கு அது பொருந்தும். ஒன்றே ஒன்றாக உள்ள பழைய படத்திற்குப் பொருந்தாது. புகைப்படத்தின் நான்கு முனைகளையும் செருகும்படி, சிறு முக்கோணத் தாள் உறைகளைச் செய்து அட்டையில் ஒட்டினால் போதும். அப்போது படத்தில் பசையே படுவதில்லை. உங்கள் ஓவியத் தாளாக இருந்தால், மெல்லிய கைத்தாளில் இரண்டு சிறு பட்டைகள் வெட்டி, மாவுப்பசை தடவி, மேல்விளிம்பில் மட்டும் ஒட்டித் தொங்கவிடுங்கள். மாவுப்பசையை நீர்பட்டால் இளக்கிவிடலாம். நான்கு பக்கமும் ஒட்டக் கூடாதா என்று கேட்பீர்கள். தாள் ஈரத்தில் விரியும், வெயிலில் சுருங்கும். நாற்புறமும் கட்டிப்போட்டால் விரிவதற்கு வழியின்றி நடுவே அலையலையாக எழும்பும்.

இனி மரவேலைக்கு வருவோம். இங்கேதான் தொடங்குபவர்கள் மனம் தளர்வார்கள்.

சட்டத்திற்கான மரம் நீண்ட கோல்களாக அடிக்கணக்கில் விற்கப்படுகிறது. எவ்வளவு வாங்குவது? படத்தின் நீளத்தையும் அகலத்தையும் கூட்டி இரண்டால் பெருக்குங்கள். சட்டத்தின் அகலத்தை எட்டால் பெருக்கி அதனோடு சேருங்கள். இடையட்டை வைத்தால் அதன் வெளியளவையே படத்தின் அளவாகக் கொள்ள வேண்டும். 10 அங்குல நீளமும் 8 அங்குல அகலமும் உள்ள படத்திற்கு ஓர் அங்குல அகலச் சட்டம் போடுவதாக வைத்துக்கொள்வோம். பதினெட்டை இரண்டால் பெருக்க 36. அதனோடு எட்டைச் சேர்க்க 44 அங்குலம். நான்கடிக் கோல் ஒன்று, அதாவது 48 அங்குலம் வாங்கினால் இரம்பம் தின்னும் தூளுக்கும் சேர்த்துப் போதுமானதாகும். ஏன் எட்டு மடங்கு? ஒவ்வொரு மூலையிலும் இரண்டு சட்டங்கள் சந்திக்கின்றன. ஒவ்வொன்றும் சட்டத்தின் அகலம் அளவிற்கு வெளியே நீள்கிறது. நான்கு மூலைகளுக்கு எட்டு.

ஒவ்வொரு துண்டின் இரு முனைகளையும் 45 பாகைச் சாய்வில் அறுக்க வேண்டும். கண்ணளவில் இது இயலாது. பக்கச்சுவர்களில் 45 பாகைப் பிளவுகள் உள்ள மரப்பெட்டி ஒன்று கருவிக் கடைகளில் கிடைக்கும். கோலை அதனுள் வைத்துப் பிளவின் வழியே இரம்பத்தை இழுத்தால் சாய்வு தவறாது. தவறினால் என்ன ஆகும் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முனையும் 45 பாகைக்கு மாறாக 44 பாகையாக அறுபட்டுவிட்டது என்க. ஒரு பாகை கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் முனைகள் எட்டு. பிழையும் எட்டு மடங்காகும். முதல் மூன்று மூலைகளை இறுக்கிப் பொருத்திவிட்டு நான்காவதற்கு வரும்போது, அங்கே 8 பாகை அளவிற்குப் பிளந்து நிற்கும். புதியவர் நான்காம் மூலையைத்தான் தவறாக அறுத்துவிட்டதாக எண்ணி, அதையே மேலும் மேலும் தேய்த்துக்கொண்டிருப்பார்.

சாய்வைவிடவும் முக்கியமானது ஒன்று உண்டு. எதிரெதிர்ச் சட்டங்கள் இரண்டும் மயிரிழையும் வேறுபடாத நீளம் உடையனவாக இருத்தல் வேண்டும். நீளம் வேறுபட்டால், சாய்வு எவ்வளவு சரியாக இருந்தாலும் மூலைகள் கூடா. இரண்டையும் முதுகோடு முதுகாகச் சேர்த்துப் பிடித்து, முனைகளை விரலால் தடவிப் பாருங்கள். கண் காணாத வேறுபாட்டை விரல் காணும். பிறகு பசையின்றி நான்கையும் மேசைமேல் பொருத்தி, மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் இரண்டும் சமம் என்று கணக்கு வகுப்பில் படித்தது இங்கேதான் உதவும்.

மரத்தின் வெட்டுமுனை தண்ணீரை உறிஞ்சுவதுபோலப் பசையையும் உறிஞ்சும். ஆகையால் வெள்ளைப் பசையை ஒருமுறை மெல்லத் தடவி, அது உள்ளிறங்கிய பின் இரண்டாம் முறை தடவிப் பொருத்துங்கள். விலையுயர்ந்த பிடிகருவி தேவையில்லை. சட்டத்தைச் சுற்றிக் கயிற்றை இரு சுற்றாகக் கட்டி, நடுவே ஒரு குச்சியைச் செருகி முறுக்கினால், நான்கு மூலைகளும் ஒரே சீராக இறுகும். ஒரு நாள் முழுதும் அப்படியே விட்டுவிட வேண்டும். என் மாணவர்களில் பெரும்பாலோர் தோற்பது அறுப்பதில் அன்று, இந்தக் காத்திருப்பில்தான்.

தொழிற்கடைகளில் இரம்பத்திற்குப் பதிலாகக் காலால் மிதித்து இயக்கும் வெட்டுக்கருவி இருக்கும். ஒரே மிதியில் இரு சாய்வுகளும் வெட்டுப்படும். மூலையைப் பின்புறமிருந்து உலோகத் தகடு அடித்து இணைக்கும் கருவியும் உண்டு. மரத்திற்கு மாற்றாகச் செயற்கைப் பொருளாலான சட்டங்களும் வந்துவிட்டன. அவற்றைக் கறையான் அரிப்பதில்லை.

சட்டத்தின் உள்ளளவு, கண்ணாடியைவிட மூன்று மில்லிமீட்டர் பெரியதாக இருக்கட்டும். மரம் உயிரற்றுப் போனாலும் அசைவற்றுப் போவதில்லை; வறண்ட காற்றில் சுருங்கும், மழையில் உப்பும். இறுக்கமாகப் பொருத்திய கண்ணாடி, யாரும் தொடாமலே ஒரு நாள் கீறிக்கொள்வது இதனால்தான்.

கண்ணாடியை நீங்கள் அறுக்க வேண்டா. படங்களுக்குப் பொதுவாக 2 மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடியே போதும். அளவைச் சொல்லிக் கடையில் அறுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கடைக்காரர் வேலையைக் கவனித்துப் பாருங்கள். அவர் கண்ணாடியை அறுப்பதே இல்லை. மேற்பரப்பில் ஒரு கீறல் மட்டும் இடுகிறார். பிறகு மெல்ல வளைக்க, கீறலின் வழியே அது தானே பிளக்கிறது. அடிக்கடி ஊர் மாறும் குடும்பங்களுக்கு அக்ரிலிக் ஏடு நல்ல மாற்று. எடை குறைவு, எளிதில் உடையாது. ஆனால் எளிதில் கீறல் விழும். துடைக்கும்போது மின்னேற்றம் பெற்றுத் தூசியையும் துகளையும் இழுத்துக்கொள்ளும். ஆதலால் கரித்துண்டாலோ வண்ணச் சுண்ணத்தாலோ தீட்டிய ஓவியத்திற்கு அதைப் போடலாகாது.

எல்லாவற்றையும் உள்ளே அடுக்கிப் பின்னட்டையைச் சிற்றாணிகளால் நிறுத்தியபின், பின்புறம் முழுவதும் தாள்பட்டை ஒட்டி மூடுங்கள். தூசியும் இராமபாணப் பூச்சியும் நுழைய அதுவே தடை. கீழ்மூலைகள் இரண்டிலும் சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டினால், படத்திற்கும் சுவருக்கும் இடையே காற்று உலவும். மழைநீர் ஊறும் வெளிச்சுவரிலும், வெயில் நேரே விழும் இடத்திலும் மாட்டக் கூடாது.

பூசையறைப் படங்களுக்கு ஒரு சொல். நாம் சந்தனமும் குங்குமமும் கண்ணாடிமேல் வைக்கிறோம். நீர் சொட்டும் மாலையைச் சாத்துகிறோம். அந்த நீர் கண்ணாடி வழியே இறங்கிச் சட்டத்தின் கீழ்விளிம்பில் புகுந்து, அட்டை வழியாக மேலேறும். பழைய தெய்வப் படங்கள் பலவற்றில் கீழ்ப்பகுதி மட்டும் கறைபட்டிருப்பதற்குக் காரணம் இதுவே. மாலையை உதறிச் சாத்துங்கள். துடைக்கும்போது தண்ணீரைத் துணியில் தெளியுங்கள், கண்ணாடியில் தெளிக்காதீர்கள்.

முதற்சட்டத்தை உங்கள் ஓவியம் ஒன்றிற்குச் செய்யுங்கள். மூலை பிளந்தாலும் இன்னோர் ஓவியம் வரையலாம். நான்கைந்து சட்டங்கள் கைவந்தபின் வீட்டுப் பெரியவர்களின் படத்தைத் தொடலாம். என் பாட்டியின் படத்தில் எஞ்சிய பகுதியை நான் அப்படித்தான், ஐந்தாவது சட்டமாகச் செய்து மாட்டியிருக்கிறேன். அட்டைச் சாளரத்தில் அவருடைய கைகளும் நாற்காலியும் தெரிகின்றன.

கடைசி வேலை எழுத்து வேலை. படத்தில் இருப்பவர் பெயர், உங்களுக்கு என்ன உறவு, எந்த ஊர், எந்த ஆண்டில் எடுத்தது ஆகியவற்றைப் பின்னட்டையின் வெளிப்புறத்தில் பென்சிலால் தமிழில் எழுதுங்கள். புகைப்படத்தின் முதுகில் எழுதாதீர்கள். அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் தெரியும், மை ஊறவும் கூடும். விவரம் தெரியவில்லையென்றால் இந்த வாரமே ஊரிலுள்ள அத்தையிடமோ பெரியப்பாவிடமோ தொலைபேசியில் கேளுங்கள். அவர்கள் பெயரை மட்டும் சொல்லி நிறுத்த மாட்டார்கள். பின்னட்டையில் இடம் போதாமல் போனால் தனித்தாளில் எழுதி, உறையிலிட்டு, பின்புறத்தில் செருகி வையுங்கள்.